இருபத்தேழாம் எண் கவிதை

என் வரிகளுக்கு மேலே வேறு யாரோ ஒருத்தியின் முகம்.

பில்யானாவின் மனதில் முதலில் ஓடியது இதுதான். அச்சகத்தில் படத்தை மாற்றிவிட்டார்கள், தங்கை கலினாவின் படம் வரவேண்டிய இடத்தில் சுருள் முடியும் முத்துக் கம்மலுமாக யாரோ ஒரு வயதான அம்மாளைப் போட்டுவிட்டார்கள், நாளைக்குப் போய்ச் சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள், கலினா இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்பதும், தான் இன்னும் அச்சகத்துப் பக்கமே போகவில்லை என்பதும் நினைவுக்கு வந்தன. ரொட்டிப் பையைக் கையில் பிடித்தபடி தன் குடியிருப்பின் வாசல் கதவுக்கு முன்னால் நின்றாள். கதவில் ஒட்டியிருந்த அஞ்சலித் தாளைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். சோன்கா இவானோவா, மறைந்து நாற்பதாம் நாள். அடியில், துயருறும் மகள்.

நடுவில் கவிதை.

சுவரில் இரண்டு முறை தட்டினால் தண்ணீர்.
மூன்று முறை தட்டினால்
தூக்கம் வரவில்லை, வா.
ஒரே ஒரு முறை என்றால் ஒன்றுமில்லை,
நீ இருக்கிறாயா என்று பார்த்தேன்.
இப்போது நான்தான் தட்டுகிறேன்.
ஒரே ஒரு முறை.

மூன்றாம் மாடி வாசில்கா பின்னால் வந்து நின்றாள். அவளும் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"படிச்சியா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இந்தப் பொண்ணு ரதோஸ்தினா எப்படி எழுதியிருக்கா பாரு. அம்மா மேல எவ்வளவு உசுரு."

"ம்" என்றாள் பில்யானா.

"சும்மாவா, தலைநகரத்துல, சோஃபியாவுல படிச்சவ. நம்ம வீட்டுல எல்லாம் செத்தா அந்தப் புறா பறந்துபோற பாட்டுதான்."

வாசில்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். பில்யானா உள்ளே போனாள்.

இந்த ஊரில் செத்துப்போனவர்கள் சுவர்களில் இருந்துகொண்டே இருப்பார்கள். நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறாம் மாதத்துக்கு ஒரு தாள், பிறகு வருடா வருடம். மின்கம்பத்தில், ரொட்டிக்கடைச் சுவரில், பேருந்து நிறுத்தத்தில், அவர்கள் வாழ்ந்த வீட்டின் கதவில். மழையில் ஊறி, வெயிலில் மஞ்சளாகி, அதன்மேல் இன்னொருவர் வந்து ஒட்டிக்கொள்வார். பேருந்துக்கு நிற்கிறவர்கள் ஒன்றுவிடாமல் படிப்பார்கள். பில்யானா பேருந்து நிலையத்தில் சீட்டு கொடுக்கும் கூண்டில் உட்கார்ந்திருப்பவள். ஒலிபெருக்கியில் வண்டி கிளம்பும் நேரத்தைச் சொல்வதும் அவள்தான். கண்ணாடிக்கு எதிரே உள்ள தூணில் யார் யார் முகம் வந்து போகிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்ததே கிடையாது. சோன்கா இவானோவாவின் முகத்தையும் நாளைக் காலை அங்கே பார்க்கப்போகிறாள்.

அதற்குக் கீழே தன் தங்கை சுவரில் தட்டுவதையும்.

*

கலினாவுக்குத் தொண்டையில் அறுவை செய்த பிறகு குரல் போய்விட்டது. மூச்சு மட்டும் வரும், சத்தம் வராது. பில்யானா தன் படுக்கையை அவளுடைய அறைச் சுவருக்கு மறுபக்கம் இழுத்துப் போட்டாள். தட்டுகிற முறையை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அது தானாக வந்தது. ஒரே ஒரு முறை தட்டுவதுதான் கடைசியில் வந்தது, கலினாவுக்கு எதுவும் தேவைப்படாத நேரங்களில். பில்யானா பதிலுக்கு ஒருமுறை தட்டுவாள். அவ்வளவுதான் பேச்சு. நாள் முழுக்க ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்படி பேசிவிட்டு வருகிறவளுக்கு அந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது.

பிப்ரவரி கடைசியில் கலினா போனாள். அதன்பிறகு பில்யானாவுக்குத் தூக்கம் போயிற்று. படுக்கையை நகர்த்தினால் சரியாகுமென்று நகர்த்திப் பார்த்தாள், மறுபடி சுவரோரமே இழுத்துப் போட்டாள்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது கென்ச்சோ மாமாதான். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர். வாசகசாலை மாடியில் ரதோஸ்தினா நடத்திய வகுப்பு அது. வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்து கவிதை எழுதவேண்டும்.

"வா பொண்ணே. டீ சும்மா குடுக்குறாங்க. அழுதாலும் யாரும் ஏன்னு கேக்குறதில்ல" என்றார் கென்ச்சோ. "என் பொண்டாட்டி இருந்தவரைக்கும் எனக்கு ஒரு கவிதையும் வரல. எங்க வரும், அவ என்னைப் பேச விட்டாத்தானே."

ரதோஸ்தினா பில்யானாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மெல்லிய குரல், ஓட்டமாய் ஓடாத பேச்சு. இரண்டு கவிதைப் புத்தகம் போட்டிருக்கிறாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் படித்ததில்லை. முதல் நாள் எல்லோரையும் மேசைமேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னாள்.

"இங்க படிச்சது இங்கேயேதான். வீட்டுக்குப் போகாது, தெருவுக்குப் போகாது. எனக்கும் இதே சட்டம்தான். சம்மதமா?"

ஆறு பேரும் சம்மதம் என்றார்கள். கென்ச்சோ மட்டும், "நான் எழுதுறதைத் தெருவுக்குக் கொண்டுபோனா என்னைத்தான் அடிப்பாங்க" என்றார்.

சாவைப் பற்றி எழுதக்கூடாது என்பது அவள் போட்ட இன்னொரு சட்டம். வீட்டில் நின்றுபோன ஒரு சத்தத்தை எழுதுங்கள் என்றாள் ஒரு புதன்கிழமை. மற்றவர்கள் அங்கேயே எழுதினார்கள். பில்யானாவால் முடியவில்லை. மறுநாள் கூண்டுக்குள், ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்குள், பயணச்சீட்டுச் சுருளின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதும்போது அழவில்லை. ஏதோ ஒரு கனமான சாமானை, இத்தனை நாள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்ததை, ஒரு மேசை கிடைத்து அதன்மேல் வைத்தது போல இருந்தது. மேசைமேல் வைத்தாலும் அது தன்னுடையதுதான். கைக்கு மட்டும் ஓய்வு.

அடுத்த புதன்கிழமை படித்தாள். கைதட்டக்கூடாது என்பதால் யாரும் தட்டவில்லை. ஆனால் அந்த அமைதி எப்படி இருந்தது என்றால், கலினா மறுபக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. அன்று தூங்கினாள்.

படியிறங்கும்போது ரதோஸ்தினா கூடவே வந்தாள். "அக்கா, அந்தத் தாளை எனக்குக் குடுப்பீங்களா? வீட்டுல ஒருவாட்டி தனியா படிக்கணும்."

"வச்சுக்கோ. எனக்குத்தான் மனப்பாடமாச்சே." பிறகு பில்யானா, வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். "கலினாவோட வருஷத்துக்கு இதைத்தான் போடப்போறேன். அவ கதவுல. அந்தப் புறா பாட்டெல்லாம் வேண்டாம்."

ரதோஸ்தினா அவளைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கம்பளிச் சட்டையில் சீமைச்சாமந்தி டீயின் வாசம் அடித்தது. அது பில்யானாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

*

கதவில் தாளைப் பார்த்த அடுத்த புதன்கிழமை பில்யானா சீக்கிரமே போனாள். மாடியறையில் ரதோஸ்தினா மட்டும் இருந்தாள், கறுப்பு உடையில், கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு. பில்யானாவைப் பார்த்ததும் குழாயை மூடினாள். தண்ணீர் பாதிதான் நிரம்பியிருந்தது.

"பாத்துட்டீங்க."

"என் கதவுலயே ஒட்டியிருக்கு."

"ஒட்டுறவன் எல்லா வாசலுக்கும் போவான். உங்க வீட்டை விட்டுடச் சொல்லியிருக்கணும் நான். தோணாமப் போச்சு."

பில்யானா அவளையே பார்த்தாள். இந்தப் பெண் வருந்துகிறாள், உண்மையாகவே வருந்துகிறாள். ஆனால் எதற்காக வருந்தவேண்டுமோ அதற்குப் பக்கத்து வீட்டில் நின்று வருந்துகிறாள்.

"அதுதான் தப்பா? என் கதவுல ஒட்டினது மட்டும்தானா?"

ரதோஸ்தினா நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாலஞ்சு நாள் உக்காந்தேன் அக்கா. ஒரு வரி வரல. நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்குறவ. எழுதுங்க, குணமாகும்னு உங்களுக்குச் சொன்னவ. என் அம்மாவுக்கு ஒரு வரி வரல. அச்சகத்து மனோல் போன் பண்றான், நாளைக்கு அச்சடிக்கணும், கோப்புல இருந்து ஏதாவது போட்டுடட்டுமா, புறா போடட்டுமான்னு. நான் புறா போட முடியுமா? ஊர் என்ன சொல்லும்?"

"அதனால கலினாவைப் போட்டுட்டே."

"உங்க வரிதான் உண்மையா இருந்துச்சு. கையில இருந்துச்சு. அதைப் படிச்சப்ப, அம்மாவைப் பத்தி நான் சொல்ல வேண்டியதும் இதுதானேன்னு..."

"உங்கம்மா சுவத்துல தட்டுவாங்களா?"

"இல்ல. அம்மா முதியோர் இல்லத்துல இருந்தாங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

"அப்ப ஒருவாட்டி தட்டினா என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியாது."

"இல்ல."

"இங்க படிச்சது இங்கேயேன்னு கைய வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்." பிறகு, தரையைப் பார்த்தபடி, "அஞ்சலித் தாள்ல யாரும் எழுதினவங்க பேரைப் போடுறதில்லையே அக்கா. அதுல வர்றது எல்லாருக்கும் பொதுதானே. அப்படி நினைச்சுக்கிட்டேன். அது உங்ககிட்ட இருந்து எடுக்குற மாதிரியே எனக்குத் தெரியல."

இதைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் பில்யானாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. பொய் என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, கையைப் பிடித்துக் கேட்கலாம்.

படியில் கென்ச்சோவின் இருமல் கேட்டது. மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரும் ரதோஸ்தினாவின் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள். பில்யானாவின் முகத்தை யாரும் நேராகப் பார்க்கவில்லை. அவர்கள் எல்லோரும் அந்த வரிகளை இந்த அறையில் காதால் கேட்டவர்கள். ஊர் முழுக்க ஒட்டியிருக்கும் தாளை இந்த ஐந்து பேரும் படிக்காமல் இருந்திருக்க முடியாது.

அன்று எல்லோரும் எழுதினார்கள். பில்யானா உள்ளங்கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் மேலங்கியை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்த மாடி ஏறவில்லை.

*

"நீயே குடுத்திருப்பேன்னு நினைச்சேன்" என்றார் கென்ச்சோ. பேருந்து நிலையத்தில் அவருக்கு வேலை எதுவும் கிடையாது, தினமும் வருவார். கூண்டின் சின்னத் துளை வழியாகப் பேசுவார், பின்னால் ஆள் வந்தால் நகர்ந்துகொள்வார்.

"நினைச்சா என்கிட்ட கேட்டிருக்கலாமே மாமா."

"அம்மாவைப் பறிகொடுத்தவ. அந்த நேரத்துல போயி, இது யாரோட பாட்டுன்னு கேக்குறதா? உன்கிட்ட கேட்டா உனக்குச் சங்கடம். சரி, பொம்பளைங்க விவகாரம்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்டீங்க."

"கோவிச்சுக்காத. ஒண்ணு சொல்லட்டுமா? என் பாட்டை யாரும் திருடமாட்டேங்குறாங்களேன்னு எனக்கு வருத்தம். போன வாரம் ஊறுகாய் மிளகாயைப் பத்தி எழுதினேன். தூண்ல ஒட்டலாம், வேணும்னா நானே செத்துக் காட்டுறேன்."

வேறு நாளாக இருந்தால் பில்யானா சிரித்திருப்பாள். அவள் ஒலிவாங்கியை இழுத்து, மூன்றாம் நடைமேடையிலிருந்து கிளம்பும் வண்டியின் பெயரைச் சொன்னாள். சத்தம் நிலையம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது.

பேருக்காகவா கோபம் என்று தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். அந்தத் தாளில் பில்யானா எழுதியது என்று ஒரு வரி இருந்திருந்தால் மனம் ஆறியிருக்குமா? வாசில்கா மாடியில் பார்த்து, நீயா எழுதினே என்று வாயைப் பிளந்திருப்பாள். அது கொஞ்சம் பிடித்திருக்கும், மறைக்கவேண்டாம். ஆனால் ஆறியிருக்காது. இழந்தது அது அல்ல. கண்ணை மூடி அந்த வரிகளைச் சொல்லும்போது முன்பு கலினா வருவாள், வெள்ளைத் துணி சுற்றிய கழுத்தோடு, சுவரில் விரல் முட்டியை வைத்தபடி. இப்போது முதல் வரி வந்ததும் சுருள் முடியும் முத்துக் கம்மலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சோன்கா இவானோவாவோடு பில்யானாவுக்கு எந்தப் பகையும் இல்லை. நல்ல அம்மாள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மாள் கலினாவின் படுக்கையில் படுத்துக்கொண்டு எழுந்துபோக மறுக்கிறாள்.

தூக்கம் மறுபடி போயிற்று. முன்பு தூக்கம் வராவிட்டால் சொல்லிக்கொள்ள அந்த வரிகளாவது இருந்தன.

*

ஜனவரி கடைசியில் மனோலின் அச்சகத்துக்குப் போனாள். ஒரு வருடம் நெருங்கிவிட்டது. படத்தை எடுத்துக் கொடுத்தாள். நோய் வருவதற்கு முன்னால் எடுத்தது. கலினா நதிக்கரையில் தொப்பியைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் படம்.

மனோல் குள்ளமான, எப்போதும் மை வாசம் அடிக்கும் மனிதன். கலினாவோடு பள்ளியில் படித்தவன். படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு பிளாஸ்டிக் தாள்கள் வைத்த தடித்த கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான். எல்லாச் செய்யுளுக்கும் எண் போட்டிருந்தது. ஊரில் யார் வந்தாலும் நம்பரைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"நீ ஏதும் யோசிக்கவேண்டாம் பில்யா. கடைசிப் பக்கம் பாரு. இருபத்தேழு. கிறிஸ்துமஸ்ல இருந்து எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. நம்ம ரதோஸ்தினா அம்மாவுக்கு எழுதினது. நாற்பது நாளுக்கும் போகுது, வருஷத்துக்கும் போகுது. போன வாரம் லாரி மோதிச் செத்தாரே, அந்த தச்சருக்குக்கூடப் போட்டாச்சு."

பில்யானா பார்த்தாள். வரிகள் கொஞ்சம் நேராக்கப்பட்டிருந்தன. மூன்று முறை தட்டுகிற வரியைக் காணோம். கடைசியில், "என்றும் உன்னை மறவோம்" என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அதற்கு மேலே அடைப்புக்குள் புள்ளிகள், அம்மா, அப்பா, கணவர், மனைவி என்று வேண்டியதை நிரப்பிக்கொள்ள.

"இதை யாரு மாத்தினா?"

"நான்தான். அவளோடதுல முடிவே இல்லாம இருந்துச்சு. ஒருவாட்டி தட்டினா என்ன ஆகும்னு ஜனங்க கேப்பாங்கல்ல. மூணுவாட்டி தட்டுறதும் ஜாஸ்தி, இடம் பிடிக்குது."

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டேனே. உங்க இஷ்டம்னுட்டா. நல்ல மனசு. வேற யாராவதா இருந்தா காசு கேட்டிருப்பாங்க."

"மனோல், இது நான் எழுதினது."

மனோல் அவளைப் பார்த்துச் சிரித்தான். கேலியாக அல்ல, இரக்கத்தோடு. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஸ்லாவ்கா வந்து, மனோல், இது நானே எழுதின மாதிரி இருக்கு, எனக்காகவே எழுதின மாதிரி இருக்குன்னு அழுதா. நல்ல பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்."

விளக்கிச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சுவரைப் பற்றி, கலினாவின் தொண்டையைப் பற்றி, சீட்டுச் சுருளைப் பற்றி. மனோல் கேட்பான். நம்பவும் கூடும். நாளைக்கு ஊர் முழுக்க அதுவும் போகும், இருபத்தேழாம் எண்ணுக்கு ஒரு கதையாக. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப இருபத்தேழுதானே?" பேனாவை எடுத்தான்.

"பாட்டு வேண்டாம்."

"வேற நம்பர்? புறா இருக்கு, மெழுகுவர்த்தி இருக்கு."

"ஒண்ணும் வேண்டாம். படம், பேரு, தேதி. கீழே அக்கான்னு போடு."

"வெறுமையா இருக்குமே பில்யா. பாக்குறவங்க, பாசம் இல்லாம ஒட்டிட்டான்னு நினைப்பாங்க. நீ அவளைப் பாத்துக்கிட்டது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா?"

"நினைக்கட்டும்."

அவன் தோளைக் குலுக்கினான். வெளியே வந்த பிறகுதான், கலினாவுக்கென்று இந்த உலகத்தில் தன்னிடம் இருந்த ஒரே ஒரு நல்ல பேச்சும் இனி அவளுக்குப் போட முடியாததாக ஆகிவிட்டது என்பது முழுதாக உறைத்தது. அதைப் போட்டிருந்தால், கலினாவின் அக்காவும் கோப்பிலிருந்துதான் எடுத்தாள் என்று தூணில் படிப்பவர்கள் அடுத்த தாளுக்குப் போயிருப்பார்கள்.

*

ஆன்மாக்களின் சனிக்கிழமை அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பில்யானா வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்துக்கொண்டு போனாள், ஒரு சின்ன பாட்டிலில் ஒயின். கலினாவின் கல்லைச் சுற்றியிருந்த சருகை ஒதுக்கி, ஒயினைச் சிலுவைபோல ஊற்றினாள். பக்கத்துக் கல்லுக்கு வந்திருந்த பெண்ணுக்கு ஒரு தாள்கோப்பையில் கோதுமை கொடுத்தாள், அந்தப் பெண் தன்னுடையதைக் கொடுத்தாள். கடவுள் அவர்களை மன்னிக்கட்டும் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு அந்தப் பெண் கையுறையைக் கழற்றி, குனிந்து, கல்லின்மேல் விரல் முட்டியால் ஒருமுறை தட்டினாள்.

பில்யானா கோதுமையை வாயில் வைத்தபடி நின்றாள்.

"நீயும் தட்டு" என்றாள் அந்தப் பெண், வெட்கத்தோடு. "இப்ப எல்லாரும் செய்றாங்க. என் வீட்டுக்காரர் தாள்ல அந்தப் பாட்டுதான் போட்டோம். நான் தட்டுறேன், நீ இருக்கியான்னு பாக்குறேன்னு அர்த்தம். எனக்கு இது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? முன்னெல்லாம் இங்க வந்தா என்ன செய்றதுன்னே தெரியாது. பூ வச்சுட்டு நின்னுட்டுப் போவேன்."

அவள் முகத்தில் இருந்த நிம்மதி உண்மையானது. அது எங்கிருந்து வந்தது என்று பில்யானாவுக்குத் தெரியும், ஏனென்றால் அதே நிம்மதி தனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. இது நல்லதுதானே, உனக்கு இல்லாவிட்டால் இவளுக்காவது இருக்கட்டுமே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் ரதோஸ்தினாவின் குரல் போலவே இருந்தது. நான் கஞ்சத்தனம் பண்ணுகிறேனா என்று பில்யானா யோசித்தாள். இருக்கலாம். தங்கையின் விரலை ஊருக்குப் பங்குபோட்டுக் கொடுக்க மனம் வராததற்கு அதுதான் பெயர் என்றால், அப்படியே இருக்கட்டும்.

வரிசையில் தள்ளி இன்னொரு கல்லிலும் யாரோ தட்டினார்கள். பில்யானா கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டாள்.

*

மன்னிப்பு ஞாயிறு அடுத்த வாரம். நோன்பு தொடங்குவதற்கு முன் கடைசி நாள். இளையவர்கள் பெரியவர்களின் வீட்டுக்குப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னியுங்கள் என்று கேட்பார்கள். மன்னித்தேன், கடவுளும் மன்னிக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று பில்யானா பகல் முழுக்க வேலையில் இருந்தாள். கூட்டிப்பெருக்கும் பெண் கேட்டாள், புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் கேட்டான், சீட்டு வாங்க வந்த முன்பின் தெரியாத மாணவி ஒருத்திகூடத் துளை வழியாகச் சிரித்துக்கொண்டே கேட்டாள். எல்லோருக்கும் சொன்னாள். போகும் வழியில் கென்ச்சோ வீட்டுக்குப் போய், அவர் கையை முத்தமிட்டு, தானும் கேட்டாள்.

"மன்னிச்சேன் பொண்ணே. கடவுளும் மன்னிக்கட்டும்." கையை அவள் தலைமேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நான் பேசாம இருந்தது தப்பு. அதுக்கு நானும் உன்கிட்ட கேக்கணும். வயசைப் பாத்தா வரமாட்டேங்குது."

"கேட்டாச்சுன்னு வச்சுக்கிறேன் மாமா. மன்னிச்சேன்."

அதைச் சொன்னபோது உள்ளே ஏதோ கொஞ்சம் இளகியது. அவரை உண்மையாகவே மன்னித்துவிட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. ரதோஸ்தினா நின்றாள், துணி போர்த்திய பீங்கான் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா அப்பத்தின் சூடான வாசம் வந்தது. இந்தச் சில மாதங்களில் இளைத்துப் போயிருந்தாள்.

"உள்ள வா."

அவள் நடைக்கூடத்துக்குள் வந்தாள், அதற்கு மேல் வரவில்லை. பில்யானா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"நேத்து தெருவுல கலினாவோட தாளைப் பாத்தேன்" என்றாள் ரதோஸ்தினா. "பாட்டு இல்லாம. அங்கேயே நின்னுட்டேன். அதுக்கப்புறம் வீட்டுல இருக்க முடியல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "வாசகசாலையோட வசந்தகால விழாவுல எழுந்திரிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். இது பில்யானா அக்காவோடதுன்னு. நம்ம வகுப்புல எழுதினதை வச்சு போடப்போற புத்தகத்துல முதல் பக்கத்துல உங்க பேரோட வரும், நீங்க எழுதினபடியே, மூணுவாட்டி தட்டுறதோட. மனோல்கிட்டயும் சொல்லி எடுக்கச் சொல்றேன்."

"ஊர் கல்லுல தட்டுது. அதையும் எடுப்பியா?"

ரதோஸ்தினாவுக்குக் கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை. பிறகு தலையைக் குனிந்து, பில்யானாவின் வலது கையை எடுத்தாள். பில்யானா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த உதடுகள் விரல்களில் பட்டன, சில்லென்று.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சுடுங்க அக்கா."

பதில் வாயிலேயே இருந்தது. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகியிருந்தது, இப்போது விட்டால் தானாக வந்துவிடும். சொன்னால் இந்தப் பெண் இன்று தூங்குவாள். ஒருவேளை எழுதவும் தொடங்குவாள், அவளுடைய அம்மாவைப் பற்றி, அவளுக்கே உரிய ஒரு வரி. பில்யானா அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. தனக்குள் தேடிப் பார்த்தாள், கென்ச்சோவிடம் இளகியதுபோல ஏதாவது இருக்கிறதா என்று. பொறுமையாகத் தேடினாள். அந்த இடத்தில் சுருள் முடியும் முத்துக் கம்மலும்தான் இருந்தன. இல்லாததை இருப்பதாகச் சொல்ல, அதுவும் அவளிடம், பில்யானாவுக்கு வரவில்லை.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பனிட்சாவைத் தன் தாம்பாளத்துக்கு மாற்றினாள். ரதோஸ்தினாவின் பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, திரும்பி வந்தாள். ரதோஸ்தினா அதே இடத்தில் நின்றாள்.

"அக்கா, ஒரு வார்த்தை. எல்லாருக்கும் சொல்றதுதானே."

"ஆமா. எல்லாருக்கும் சொன்னேன்."

பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள். போர்த்தி வந்த துணியை மடித்து அதன்மேல் வைத்தாள்.

"உனக்குச் சொல்லமாட்டேன் ரதோஸ்தினா. இன்னிக்கு என்கிட்ட அது இல்ல." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "இரண்டாம் மாடியில பல்பு எரியல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு."